வரைவது ஒரு வேலை, காட்டுவது வேறு வேலை

ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி ஐபோன் திரையில் விரலால் பூக்களை வரையத் தொடங்கியபோது எழுபது வயதைக் கடந்திருந்தார். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், அச்சுப்படம் என்று அரை நூற்றாண்டு புழங்கிய கை அது. புதிய கருவியில் அவருக்குப் பிடித்துப்போனவற்றுள் ஒன்று மிக எளிய வசதி: திரைக்குச் சொந்தமாக வெளிச்சம் இருந்தது. விளக்கைப் போடாமல், படுக்கையை விட்டு எழாமல், சன்னலுக்கு வெளியே பொழுது புலர்வதைப் புலரும்போதே வரைய முடிந்தது. வரைந்த பூவையோ விடியலையோ நண்பர்கள் சிலருக்கு அனுப்பிவைப்பார். 2020 வசந்தத்தில், பெருந்தொற்றால் உலகம் கதவடைத்துக் கிடந்த மாதங்களில், பிரான்சின் நார்மண்டியில் தன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்கள் துளிர்ப்பதை ஐபேடில் வரைந்து தள்ளினார். மறு ஆண்டு அவற்றில் 116 ஓவியங்கள் லண்டன் ராயல் அகாடமியில் சுவரேறின.

இதற்குள் மூன்று செயல்கள் இருக்கின்றன. தனியாக இருந்து ஒன்றைச் செய்வது முதலாவது. தெரிந்த சிலரிடம் அதைக் கொடுப்பது இரண்டாவது. ஊரறியக் காட்டுவது மூன்றாவது. ஹாக்னியின் வாழ்வில் இவற்றுக்கிடையே இடைவெளி இருந்தது. இன்று கைப்பேசியில் வரைகிற, பாடுகிற, எழுதுகிற பெரும்பாலோருக்கு அந்த இடைவெளி இல்லை. சேமிப்பதற்கான பொத்தானுக்குப் பக்கத்திலேயே பகிர்வதற்கான பொத்தானும் இருக்கிறது. பல செயலிகளில் அதுதான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கிறது. டிஜிட்டல் கருவிகள் மனத்துக்கு நல்லவையா கெட்டவையா என்று நடக்கும் ஓயாத வழக்கில் பாதிக்கு மேல் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது என்பது என் கணிப்பு. செய்வது மனத்துக்கு என்ன தருகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. காட்டுவது என்ன செய்கிறது என்பதற்கும் உண்டு. இரண்டும் ஒரே திசையைச் சுட்டவில்லை.

செய்வதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் அற்ப விஷயங்களைப் பற்றி எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வில் நேர்ந்த மிகக் கசப்பான அனுபவத்தைப் பற்றி. நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மாணவர் மருத்துவமனைக்குக் குறைவாகவே போனார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு ஆறுதல் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனம் கனத்தது, இரத்த அழுத்தம் ஏறியது. பலன் பிறகுதான் வந்தது. அதன் பின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் இதே வழியில் நடந்தன. 2006-இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரிப் பலன் உண்மையானது, ஆனால் சிறியது என்று தெரிந்தது. ‘எழுதினால் எல்லாம் தீரும்’ என்று சொல்லும் செயலி விளம்பரங்கள் இந்தச் ‘சிறியது’ என்பதைச் சொல்வதில்லை.

எழுத்தைப் போலவே கைவேலையும். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத் தாள்கள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு 45 நிமிடம் மனம்போல எதையாவது செய்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த எச்சில் மாதிரிகளில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோனின் அளவு ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஓவியப் பழக்கம் உள்ளவரா, பள்ளிக்குப் பின் பென்சிலையே தொடாதவரா என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. ‘எனக்குக் கை வராது’ என்று ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. உடலுக்கு, செய்த பொருளின் அழகு ஒரு பொருட்டே அல்ல.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மனின் குழு 2007-இல் காட்டியபடி, கோபமோ அச்சமோ தெரியும் முகப் படத்தைப் பார்ப்பவர் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, அச்சத்தோடும் எச்சரிக்கையோடும் தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் கொந்தளிப்பு தணிந்தது. அந்தச் சோதனையில் சொற்களைக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள்; பங்கேற்றவர்கள் பொறுக்கி எடுக்க மட்டுமே செய்தார்கள். ஆகவே, இன்றைய மனநிலை எது என்று கேட்டுச் சொற்பட்டியலை நீட்டும் செயலிகளை நான் முழுக்க எள்ளி ஒதுக்க மாட்டேன். ஐந்து மஞ்சள் முகங்களை மட்டும் நீட்டும் செயலிகளின் பேரில் அவ்வளவு மரியாதை இல்லை.

திரை எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது

பென்னிபேக்கரின் மாணவர்கள் எழுதியது தாளில். கைமலின் ஆய்வில் கைகள் அளைந்தது மண்ணை. அதே வேலை கண்ணாடித் திரைக்கு வரும்போது என்ன மாறுகிறது?

முதலில் மாறுவது தவறின் விலை. தாளில் சொட்டிய மையைத் திரும்ப எடுக்க முடியாது. திரையில் ‘அன்டூ’ இருக்கிறது. 1984-இல் மெக்கின்டாஷ் கணினியோடு வந்த ஓவிய மென்பொருளில் கடைசியாகச் செய்த ஒரே ஒரு செயலைத்தான் திரும்பப் பெறலாம். ஃபோட்டோஷாப்பில் 1994-இல் லேயர் எனப்படும் அடுக்குகள் வந்தன. 1998-இல் பல படிகள் பின்னோக்கிப் போகும் வசதி வந்தது. கணினி வரலாற்றில் இவை சிறு குறிப்புகள்தான். வரையப் பயந்தவருக்கோ இவை பெரிய விடுதலை. வெள்ளைத் தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் பலரைச் சிறுவயதிலேயே ஓவியத்திலிருந்து துரத்தியிருக்கிறது. திரையில் கெடுப்பதற்கு எதுவுமே இல்லை. முதல் கோடு பிடிக்கவில்லையா, அது இல்லாமலே ஆகிவிடும். அடுக்கின் மேல் அடுக்காக வரைந்து, அடியில் இருப்பதற்குச் சேதமில்லாமல் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கிப் பார்க்கலாம். பாட்டிலும் அப்படியே. பல தடங்களில் குரலைப் பதிந்து, பிசகிய ஒரு வரியை மட்டும் மீண்டும் பாடிச் சேர்ப்பதற்கு ஒரு காலத்தில் பதிவுக் கூடத்தின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்கள் அந்த வாசலைத் தேவையற்றதாக்கிவிட்டன.

அதே வசதி இன்னொரு வகை மனத்தைச் சிறைப்படுத்தவும் செய்கிறது. எதையும் திருத்தலாம் என்றால், எங்கே நிறுத்துவது? கோடு சற்றே வளைந்ததற்காக முப்பது முறை அழித்து வரைகிறவர் அமைதி தேடி உட்கார்ந்தவர் என்றால், தேடியது கிடைக்காமலே எழுந்திருப்பார். தவறிவிட்ட நீர்வண்ணத் துளியோடு ஓவியர் சமாதானம் செய்துகொண்டாக வேண்டும். அதை இலையாகவோ நிழலாகவோ மாற்றியாக வேண்டும். நடந்துவிட்டதை வைத்துக்கொண்டு அடுத்ததைச் செய்யும் அந்தப் பழக்கம் ஓவியத்துக்கு வெளியேயும் உதவுவது. ஆகவே முழுமைப் பித்து உள்ளவர்களுக்கு நான் சொல்லும் யோசனை எளிது: இன்று அன்டூவைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு படம் வரையுங்கள். அச்சம் உள்ளவர்களுக்கு இதற்கு நேர் எதிரான யோசனை.

ஓவிய சிகிச்சை வல்லுநர்கள் பொருள்களின் குணத்தை நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். சாண்ட்ரா காகின், விஜா லூஸ்பிரிங்க் ஆகியோர் 1978-இல் முன்வைத்த கோட்பாட்டில் ஒரு முனையில் நீர்வண்ணம் போல நெகிழ்ந்து ஓடும் பொருள்கள் இருக்கும், மறுமுனையில் கல், மரம் போலக் கையை எதிர்க்கும் பொருள்கள். ஓடும் பொருள் உணர்ச்சியை அவிழ்க்கும். எதிர்க்கும் பொருள் கட்டுக்குள் வைத்திருக்க உதவும் என்பது அவர்களது பார்வை. கண்ணாடித் திரை இந்த வரிசையில் சரியாக உட்காராது. அதற்கு மணமில்லை, பிசுபிசுப்பில்லை, கையை எதிர்க்கும் எடையுமில்லை. மண்ணைப் பிசைந்து ஆத்திரத்தை இறக்கிவைக்க நினைப்பவருக்கு ஐபேட் ஏமாற்றமே. ஆனால் தொற்றுக்கு அஞ்சிக் களிமண்ணை உள்ளே விடாத மருத்துவமனை வார்டில், துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய ஒரு திரை போகலாம். கையில் ஈரமான எதுவும் ஒட்டுவதையே தாங்க முடியாத புலனுணர்வு கொண்ட குழந்தைக்கு அந்த வழவழப்பே ஆறுதல்.

திரையும் மென்பொருளும் வேறெதுவும் திறக்காத கதவைத் திறந்த இடமும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் சுவரோவியக் கலைஞர் டோனி குவான், ‘டெம்ப்ட்’ என்ற புனைபெயரில் அறியப்பட்டவர், 2003-இல் ஏ.எல்.எஸ். எனும் நரம்பு நோய்க்கு ஆளானார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் அது. கடைசியில் அவர் வசம் எஞ்சியது கண்ணசைவு மட்டும். 2009-இல் கலைஞர்களும் நிரலர்களும் சேர்ந்த ஒரு குழு சாதாரண மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் விலை குறைந்த விளையாட்டுக் கருவிக் கேமரா ஒன்றைப் பொருத்தி, கருவிழி போகும் வழியைக் கோடாக்கும் மென்பொருளை எழுதியது. ‘ஐரைட்டர்’ என்று பெயர். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தன் பெயரெழுத்துகளை வரைந்தார். அவை நகரத்துக் கட்டடச் சுவரில் ஒளியாக விழுந்தன. செய்முறையையும் மென்பொருளையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். டிஜிட்டல் கலையை ஏதோ மாற்றுக் குறைந்த கலை என்று கருதுகிறவர்கள் இந்தச் சுவரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பார்ப்பவர் வந்த பிறகு

இனி இரண்டாவது பாதி. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளி ஒன்றில் செய்த சோதனை உளவியல் பாடநூல்களில் அழியா இடம் பெற்றது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட, மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள். ஒரு பிரிவினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க முத்திரையும் ரிப்பனும் கொண்ட சான்றிதழ். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வண்ணப் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ பாதி நேரமே பேனாவைத் தொட்டன. பரிசை எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் தாழ்ந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கோ ஒரு குறையும் இல்லை. கெடுத்தது பரிசு அல்ல. பரிசை எதிர்பார்த்து வரைந்ததுதான்.

அந்தச் சான்றிதழைப் பெரியவர்களுக்கு நாள்தோறும் நூறு முறை நீட்டும் ஏற்பாடு 2009-இல் வந்தது. ஃபேஸ்புக் ‘லைக்’ பொத்தானை அறிமுகம் செய்த ஆண்டு அது. வரைவதற்கு முன்பே பரிசு நினைவில் நிற்கும்போது, எதை வரைவது என்ற தேர்வே மாறுகிறது. மனத்தில் கிடந்து உறுத்துவதை விட்டுவிட்டு, போன வாரம் நன்றாகப் போன படத்தின் தம்பியை வரைகிறோம். இன்ஸ்டாகிராம் 2019-இல் சில நாடுகளில் லைக் எண்ணிக்கையை மறைத்துச் சோதித்துப் பார்த்தது. 2021-இல் விரும்பியவர் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த விருப்பத்தேர்வு அமைப்புப் பக்கத்தின் உள்ளே எங்கேயோ இருக்கிறது. லைக் மட்டுமல்ல. சில நாட்குறிப்புச் செயலிகள் தொடர்ந்து எத்தனை நாள் எழுதினீர்கள் என்று தீச்சுடர் காட்டி எண்ணுகின்றன. ஒருநாள் தவறினால் சுடர் அணைந்துவிடும். துக்கத்தை எழுத வந்தவருக்குச் சுடரைக் காக்கும் கடமையும் சேர்ந்துகொள்கிறது. மன ஆரோக்கியத்தின் பெயரால் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் அந்த மழலையர் பள்ளிச் சோதனையைப் படித்திருக்க மாட்டார்கள். அல்லது மிக நன்றாகப் படித்திருப்பார்கள்.

புகைப்படம் இந்த வேறுபாட்டை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. கிறிஸ்டின் டீல், கால் சாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வுத் தொடரின் முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது: படம் எடுப்பவர்கள் பல சூழல்களில் எடுக்காதவர்களைவிட அனுபவத்தில் கூடுதலாக ஒன்றினார்கள், கூடுதலாக ரசித்தார்கள். எதைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது என்று தேடும் கண், சும்மா பார்க்கும் கண்ணைவிட நன்றாகப் பார்க்கிறது. இரண்டாண்டு கழித்து அதே மூவரும் ஒரு கேள்வியைக் கூட்டினார்கள்: யாருக்காக எடுக்கிறீர்கள்? தன் நினைவுக்காக எடுத்தவர்களோடு ஒப்பிட, சமூக ஊடகத்தில் இடுவதற்காக எடுத்தவர்களின் ரசனை குறைந்தது. படம் இன்னும் யாரையும் சென்றடையவில்லை. அந்த நோக்கம் மட்டுமே போதுமானதாக இருந்தது. ‘நான் எப்படித் தெரிவேன்’ என்ற கவலை இடையில் புகுந்துவிட்டது. பார்க்கப்போகிறவர் எவ்வளவு நெருக்கமானவர் என்பதைப் பொறுத்து இந்த விளைவும் மாறியது.

கடைசி வாக்கியம் முக்கியமானது. ஏனென்றால், எதையும் யாருக்கும் காட்டாதே என்பது என் வாதம் அல்ல. லிஸ் பிரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தினம் ஒரு படம் எடுத்து இணையத்தில் இடுபவர்களிடம் பேசினார்கள். அவர்களுக்கு அந்தப் பழக்கம் தங்களைக் கவனித்துக்கொள்ளும் வழியாக இருந்தது. படத்தின் கீழ் இரண்டு வரி எழுதும் அறிமுகங்களால் தனிமையும் குறைந்தது. அங்கே நடந்தது உரையாடல். எரிக் விட்டகர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரைத் தத்தம் அறையில் தனித்தனியே பாடிப் பதிவு செய்யச் சொல்லி, ஒரே பாடலாகத் தொகுத்தார். தனியே பதிவான ஒவ்வொரு குரலும் மற்றவற்றோடு சேர்ந்த பிறகே பாடலானது; யாருடைய எண்ணிக்கையும் யாரையும் மிஞ்ச வேண்டியிருக்கவில்லை. பதில் சொல்பவர் இருக்கும் இடம் வேறு, மதிப்பெண் போடுபவர் இருக்கும் இடம் வேறு. கருவி இரண்டுக்கும் ஒன்றே என்பதுதான் குழப்பம்.

எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் சொல்லித் தீர்ப்பது மருந்து என்றும் எண்ணிவிடக் கூடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலையடுத்து, அமெரிக்காவில் ஓர் இணையக் கருத்துக்கணிப்பில் பங்கேற்றவர்களிடம் மனத்தில் உள்ளதை எழுதலாம் என்று சொன்னார்கள். எழுதாமல் விட்டவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எழுதியவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள் என்று 2008-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அண்மையில் மணவாழ்க்கை முறிந்தவர்களிடம் டேவிட் ஸ்பாராவின் குழு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததற்குப் பொருள் தேடித் தேடி அதையே அசைபோடும் இயல்புள்ளவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதுவது மீள்வதைத் தாமதப்படுத்தியது. அன்றாட வேலைகளைப் பற்றி எழுதியது அவர்களுக்கு மேலாக இருந்தது. அப்படிப்பட்டவர் நள்ளிரவில் அதே வலியை ஐந்தாவது முறையாகத் தட்டச்சு செய்வதைவிட, கோலத்துக்கு வண்ணம் நிரப்புவதோ ஒரு தாளத்தை அடுக்கிப் பார்ப்பதோ நல்லது. மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ எந்தச் செயலியும் போதாது. மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாக. அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் 2024-இல் வெளியிட்ட சோதனையில், இயந்திரத்திடம் கதைக்கரு வாங்கி எழுதியவர்களின் குறுங்கதைகளை வாசகர்கள் கூடுதல் சுவையானவை என்றார்கள். ஆனால் அக்கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. படைப்புச் சந்தைக்கு இது பெரிய கவலை. நாம் பேசும் விஷயத்துக்குக் கேள்வி வேறு: 45 நிமிடம் மண்ணை அளைந்ததால் தணிந்த உடல், ஒரு வரிக் கட்டளைக்கு 10 நொடியில் வந்து விழும் படத்தால் தணியுமா? எனக்கு நம்பிக்கையில்லை. வந்து விழுந்த படத்தை வைத்துக்கொண்டு ‘இது இல்லை, நான் சொல்ல வந்தது வேறு’ என்று மல்லுக்கட்டுகிறவர் மீண்டும் வேலைக்குள் வந்துவிடுகிறார். அவருக்கு ஏதாவது கிடைக்கலாம்.

மனத்தைத் திறந்து வைக்கும் இடம் யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். இணையவழி உளவியல் ஆலோசனை தந்த ஒரு நிறுவனம், பயனர்கள் நிரப்பிய உடல்நலக் கேள்வித்தாள் விவரங்களை விளம்பர நோக்கத்துக்காகப் பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டில், 2023-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் 78 லட்சம் டாலர் தர உடன்பட்டது. இன்னொரு வகை இழப்பும் உண்டு. மைஸ்பேஸ் தளத்தில் 12 ஆண்டுகளாகப் பலர் ஏற்றிவைத்த பாடல்கள் சேவையகம் மாற்றும் வேலையில் அழிந்துபோனது 2019-இல் தெரியவந்தது. பலருக்கு அங்கிருந்ததே ஒரே பிரதி. நாட்குறிப்பென்றால் கருவியிலேயே சேமித்துப் பூட்டும் செயலி, படைப்பென்றால் தன் கையில் ஒரு நகல். இந்த இரண்டும் நல்ல தூரிகையைவிட அவசியம்.

செய்வதையும் காட்டுவதையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த நடைமுறை புதிய செயலி எதிலும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டானா அட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் ‘டிஜிட்டல் கதைசொல்லல்’ என்ற பட்டறை முறையை உருவாக்கினார்கள். சாதாரண மனிதர்கள் தங்கள் வாழ்வின் ஒரு நிகழ்வைத் தங்கள் குரலிலேயே பேசிப் பதிந்து, தங்களிடம் உள்ள பழைய புகைப்படங்களைச் சேர்த்து, சில நிமிடப் படமாக்குவார்கள். கணினியைத் தொடுமுன் சிலர் மட்டும் வட்டமாக உட்கார்ந்து கதையைச் சொல்லிப் பார்ப்பார்கள். பலர் எதைச் சொல்ல வந்தோம் என்று கண்டுகொள்வது அந்த வட்டத்தில்தான். இங்கிலாந்தில் பிப் ஹார்டியும் டோனி சம்னரும் 2003-இல் தொடங்கிய ‘பேஷன்ட் வாய்சஸ்’ இம்முறையை நோயாளிகள், அவர்களைப் பராமரிப்போர், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரிடம் கொண்டுபோனது. அங்கே சம்மதம் இரண்டு கட்டமாகப் பெறப்படுகிறது. பட்டறையில் சேரும்போது ஒரு கையெழுத்து. படம் முடிந்து, சொன்னவர் அதைப் பார்த்த பிறகு, வெளியிடுவதற்கு இன்னொன்று. இரண்டாவது கையெழுத்து வராவிட்டால் படம் வெளியே போகாது, சொன்னவரிடமே இருக்கும்.